இளையோரும் மருத்துவமனை நாடகமும்

நாடகம் இளையோரைக் கெடுக்குமா என்னும் வழக்குப் பழைமையானது. கூத்து மேடைக்கு வந்த ஞான்றும் அது நிகழ்ந்தது. பேசும்படம் வந்த ஞான்றும் நிகழ்ந்தது. இந்நாளில் நாடகம் கொட்டகையை விட்டுக் கூடத்திற்கு வந்து, கூடத்தை விட்டு உள்ளங்கையிலேயே அமர்ந்துவிட்டது. வழக்கும் அதனோடு நெருங்கி வந்துளது. பெற்றோர் பலர், 'பார்க்கற்க' என்று ஒரு சொற் சொல்லி அமைகின்றனர். இளையோர் பலர், 'எல்லாரும் பார்க்கின்றனர்' என்று ஒரு சொற் சொல்லி அமைகின்றனர். இரண்டும் விடையாகா. முன்னது காரணங் கூறாத கட்டளை; பின்னது காரணந் தேடாத சாக்கு. இவ்விரண்டிற்கும் நடுவே நின்று ஆராய்வது கல்வி கற்பார் கடன். இதனை எழுதும் யாமும் முதியரல்லேம். எமக்கு அகவை 19. தடுக்கப்பட்டார் நிலையை யாம் இன்னும் மறந்திலேம். தம்பி தங்கையரைத் தடுக்கவேண்டுவார் நிலையையும் இப்பொழுது ஒருவாறு உணர்கின்றேம்.

பொதுவாகப் பேசின் இவ்வழக்கு முடிவு காணாது. ஆதலின் ஒரு நாடகத்தை எடுத்துக்கொண்டு அதன்மேல் வைத்து ஆராய்வாம். அது 'கிரேஸ் அனாட்டமி' என்னும் அமெரிக்கத் தொடர் நாடகம். ஷோண்டா ரைம்ஸ் அம்மையார் படைத்த இந்நாடகம் 2005-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் நாள் ஏ.பி.சி. என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதன்முதல் அரங்கேறியது. இதன் பெயரில் ஒரு சிலேடை உண்டு. 1858-இல் இலண்டனில் வெளிவந்து, இன்றும் மருத்துவ மாணவர் பயிலும் உடற்கூற்று நூல் ஹென்றி கிரே என்பார் எழுதியது. இந்நாடகத்தின் தலைவி பெயரோ மெரிடித் கிரே. சியாட்டில் நகரத்து மருத்துவமனை ஒன்றில் அறுவை மருத்துவம் பயிலப் புகுந்த இளைஞர் சிலர் நோயையும் சாவையும் காதலையும் ஒருங்கே எதிர்கொள்ளும் கதை அது. இருபது ஆண்டுகளைக் கடந்து 400-க்கு மேற்பட்ட பகுதிகளாக நீண்டுள்ளது. பிறந்த நாட்டோடு நில்லாது இணையத்தின் வழியே உலகெங்கும் பரவி, நம் நாட்டு மாணவர் கையிலும் வந்து சேர்ந்துளது. கதை விறுவிறுப்பானது, நடிப்பு நல்லது, இடையிடையே படுக்கையறைக் காட்சிகளும் பலவுள. இது 12 அகவைச் சிறுவனுக்கு ஏற்றதா? 15 அகவை மாணவிக்கு ஏற்றதா? இவையே நம் முன்னுள்ள வினாக்கள்.

அமெரிக்க நாட்டார் இவ்வினாவிற்கு ஒரு குறியீட்டால் விடை கூற முயன்றனர். 1996-இல் அந்நாட்டில் இயற்றப்பட்ட தொலைத்தொடர்புச் சட்டத்தின் பயனாக, 1997 முதல் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு அகவைக் குறிகள் இடப்பெற்றன. 2000-ஆம் ஆண்டு முதல், 13 அங்குலத்திற்குக் குறையாத ஒவ்வொரு தொலைக்காட்சிப் பெட்டியிலும் அக்குறிகளைக் கொண்டு நிகழ்ச்சியைத் தடுக்கவல்ல கருவியொன்று அமைதல் வேண்டும் என்றும் விதித்தனர். 'கிரேஸ் அனாட்டமி' பெரும்பாலும் 'டி.வி.-14' என்னும் குறி பெற்றது. 14 அகவைக்குட்பட்டார்க்குப் பொருந்தாத செய்திகள் இதன்கண் இருத்தல் கூடும் எனப் பெற்றோரை எச்சரிப்பது அக்குறி. அதனோடு நான்கு எழுத்துக்களும் உண்டு. குறிப்பாகப் பேசும் காமப் பேச்சிற்கு 'டி', இழிசொல்லிற்கு 'எல்', காமக் காட்சிக்கு 'எஸ்', வன்செயலுக்கு 'வி'. நம் நாட்டிலும் 2021-ஆம் ஆண்டு விதிகள் இணையவழிப் படைப்புக்களை 7, 13, 16 என்னும் அகவைப் படிகளாற் பகுத்து, 13-உம் அதற்கு மேற்பட்ட படிகளும் பெற்றவற்றிற்குப் பெற்றோர் இடும் பூட்டு அமைதல் வேண்டும் எனக் கூறின.

இவ்வேற்பாடுகளை யாம் இகழ்ந்திலேம். ஒன்றுமின்மையினும் ஒரு குறி நன்று. ஆயினும் இக்குறிகள் எதனை அளக்கின்றன என்பதை நோக்குதல் வேண்டும். அவை காட்சியை அளக்கின்றன, சொல்லை எண்ணுகின்றன, குருதியைக் கணக்கிடுகின்றன. கண்ணுக்கும் காதிற்கும் புலனாவனவற்றிற்கே அவற்றில் எழுத்துண்டு. ஒரு செயல் நிகழ்ந்தபின் அதன் விளைவு காட்டப்பட்டதா இல்லையா என்பதற்கு அவற்றில் எழுத்தில்லை. தவறு செய்தான் தவற்றின் பயனை நுகர்ந்தானா, அன்றி அடுத்த கிழமை அனைத்தும் மறந்து நகைத்திருந்தானா என்பதை எக்குறியும் உரைப்பதில்லை. இளையோர்க்கு ஒரு நாடகம் ஏற்றதா என்று அளத்தற்குரிய கோல் காட்சியன்று, விளைவே என்பது எம் துணிபு. இதனைச் சிறிது விளக்குவாம்.

காதலும் காமமும் இருத்தலே குற்றமாயின், தமிழ் பயில்வார் யாம் முதற்கண் எம் பாடநூல்களையே மூடிவைத்தல் வேண்டும். அகத்திணை நூல்கள் அனைத்தும் காதலையே பாடுகின்றன. அதிலும் பெற்றோர் அறியாது நிகழும் களவினைப் பாடுகின்றன. அவற்றை ஆசிரியர் முன்னிலையில், ஆடவரும் மகளிரும் ஒரே வகுப்பிலிருந்து பயில்கின்றேம். அதனால் எவரும் கெட்டிலர். என்னை? களவினைப் பாடிய புலவர் அதனோடு நின்றாரல்லர். ஊரார் தூற்றும் அலரைப் பாடினர். இரவில் வரும் தலைவன் வழியிடைப் படும் ஏதத்தைப் பாடினர். 'விரைந்து வரைந்து கொள்க' எனத் தலைவனை நெருக்கும் தோழியைப் பாடினர். காதலின் ஒவ்வோர் அடியிலும் அதன் பொறுப்பு உடன் நடந்து வருகின்றது. சிலப்பதிகாரத்தையும் நோக்குக. மனைவியை விடுத்துக் கோவலன் மாதவிபாற் சென்றதை இளங்கோவடிகள் மறைத்திலர், அழகுறவே பாடினர். ஆயின் அவ்வழகின் விலை யாதென்பதையும் பாடினர். செல்வம் தொலைந்தது, ஊர் நீங்க நேர்ந்தது, உயிர் போயிற்று, ஒரு நகரமே எரிந்தது. அந்நூலைக் கற்ற இளைஞன் ஒருவனும் கோவலனைப்போல வாழ்தல் எளிது என்று எண்ணான். ஆகவே, ஒரு பொருளைக் காட்டுதலில் தீங்கில்லை. பாதியைக் காட்டி மீதியை மறைத்தலிலேதான் தீங்குளது.

இக்கோலைக் கொண்டு 'கிரேஸ் அனாட்டமி'யை அளந்து பார்ப்பாம். முதற் பகுதியின் தொடக்கத்திலேயே, மெரிடித் முன்னாளிரவு மதுவிடுதியிற் கண்ட ஆடவன் ஒருவனோடு தன் இல்லத்தில் விழித்தெழுகின்றாள். அவனை அனுப்பிவிட்டுப் பணிக்கு விரைகின்றாள். மருத்துவமனையில், அவனே மூளை அறுவை மருத்துவன் என்பதும் தனக்கு மேலோன் என்பதும் அறிகின்றாள். பெற்றோர் இக்காட்சியைக் கண்டவுடன் முகஞ்சுளித்துப் பெட்டியை அணைப்பர். அவர் சுளிப்பது படுக்கையைக் கண்டு. யாம் அஞ்சுவதோ அதன்பின் வருவதைக் கண்டு. மேலோனும் கீழ்ப்பணியாளும் என்னும் அவ்வுறவு மெல்ல மெல்ல ஒரு பெருங்காதற் கதையாக வளர்கின்றது. மின்தூக்கியில் அவர்தம் கண்கள் சந்திக்கின்றன. பின்னணியில் இனிய பாடல் எழுகின்றது. மேலதிகாரிகள் முதலிற் சிறிது கடிகின்றனர். பின்னர் அக்கடிதல் காதலின் இனிமையிற் கரைந்துபோகின்றது. தன் பயிற்சியை மதிப்பிடும் ஒருவனை ஒரு பெண் உண்மையாகவே மறுக்க இயலுமா? மறுத்தபின் அவள் மதிப்பெண்ணும் பணியும் என்னாகும்? அவளோடு பயில்வார், அவள் பெறும் ஒவ்வோர் அறுவை வாய்ப்பையும் எக்கண்ணாற் பார்ப்பர்? இவ்வினாக்களை நாடகம் தொட்டுத்தொட்டு விடுகின்றது, ஊன்றி நிற்பதில்லை. உலகியல் அறிந்தார் அவ்வினாக்களைத் தாமே எழுப்பிக்கொள்வர். 14 அகவை மாணவியோ மின்தூக்கியையும் பாடலையுமே மனத்திற் கொள்வாள். நாளை அவளும் செவிலியாகவோ மருத்துவராகவோ அலுவலராகவோ ஒரு மேலோன்கீழ்ப் பணிபுரியப் போகின்றாள் என்பதை நாம் மறத்தலாகாது.

மற்றொன்று. 2006-ஆம் ஆண்டு மே மாதத்தில், இரண்டாம் பருவத்தின் இறுதியிலே, இஸ்ஸி என்னும் பயிற்சி மருத்துவை தான் காதலித்த இதய நோயாளன் பொருட்டு ஒரு செயல் புரிகின்றாள். மாற்றுதற்கு வந்த இதயம் ஒன்று. வேண்டி நின்றார் இருவர். பட்டியலில் மற்றவன் 17 நொடி முற்பட்டவன். ஆதலின் முறைப்படி அவனுக்கே அவ்விதயம் உரியது. இஸ்ஸியோ தன் காதலனின் நெஞ்சத்துடன் இணைந்திருந்த கருவியின் கம்பியை அறுத்து, அவன் நிலையை வேண்டுமென்றே இழியச் செய்து, அதனால் முந்துரிமை பெற்று அவ்விதயத்தை அவனுக்கே வாங்கிவிடுகின்றாள். உடன் பயில்வார் அவளைக் காட்டிக்கொடாது காக்கின்றனர். இதயம் பெற்றும் அவன் இறக்கின்றான், அவள் அழுகின்றாள், காண்பார் அனைவரும் அழுகின்றனர். கதை சுவையுடையதே. ஆயின் அதன்பின் நிகழ்ந்தது யாது? பணியை விட்டு நீங்கியவள் அடுத்த பருவத்தில் மீண்டும் பணியில் அமர்கின்றாள். பட்டியலில் முற்பட்டிருந்த அம்மற்றவன் யார், அவன் வீட்டார் அவ்விரவை எங்ஙனம் கழித்தனர் என்பன அப்பொழுது நம் கண்ணிற் பட்டில. 2008-இல் ஒரு பகுதியிலே அந்நோயாளன் திரும்பி வருகின்றான். அவனுக்கு மருத்துவம் செய்துவந்த எரிக்கா ஹான் என்னும் மருத்துவை உண்மையறிந்து வெகுள்கின்றாள். வினா எழுந்தது, நன்று. ஆயின் வினவிய ஹானே அப்பகுதியோடு நாடகத்தினின்று நீங்கினாள். குற்றம் புரிந்தவள் எஞ்சினாள். காதல் கொண்டாள் எனின் முறை பிறழலாம், கண்ணீர் விட்டாள் எனின் கணக்குத் தீர்ந்தது என்னும் பாடம் முத்தக் காட்சியினும் பெருங்கேடு விளைப்பது. அதற்கு மேற்கூறிய நான்கு எழுத்துக்களுள் ஒன்றும் பொருந்தாது.

'கதையைக் கதையாகவே பார்ப்போம். அதனின்று யார் பாடங் கற்கின்றனர்?' என்று நண்பர் சிலர் வினவுவர். மக்கள் கற்கின்றனர் என்பதற்குச் சான்றுண்டு. அதுவும் இந்நாடகத்தைப் பற்றியே உண்டு. 2008-இல் இந்நாடகத்தின் ஒரு பகுதியில் எச்.ஐ.வி. கிருமி தொற்றிய கருவுற்றாள் ஒருத்தி வருகின்றாள். தக்க மருத்துவம் பெறின் அத்தகையார்க்கு நோயற்ற குழந்தை பிறத்தற்கு நூற்றுக்குத் தொண்ணூற்றின் மேலும் வாய்ப்புண்டு என்று மருத்துவை கூறுகின்றாள். கைசர் குடும்ப நிறுவனம் என்னும் ஆய்வு நிலையத்தார் இந்நாடகத்தை வழக்கமாகக் காண்பாரை முன்னும் பின்னும் வினவினர். அவ்வுண்மையை முன்பு அறிந்திருந்தார் நூற்றுக்கு 15 பேர். பார்த்த ஒரு கிழமைக்குப் பின் அறிந்திருந்தார் 61 பேர். ஆறு கிழமைக்குப் பின்னும் 45 பேர் நினைவிற் கொண்டிருந்தனர். எம் வகுப்பில் ஒருமுறை கேட்ட பாடத்தை ஆறு கிழமைக்குப் பின் நூற்றுக்கு 45 பேர் நினைவு கூர்வரா என்பது ஐயமே.

இஃது ஒன்றன்று. 2019 மார்ச்சு 28-இல் வெளிவந்த பகுதி, பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணொருத்தி மருத்துவமனை புகுவதைக் காட்டியது. ஆடவர் முகத்தைக் காணவும் அஞ்சிய அவள் அறுவைக்குச் செல்லும் வழிநெடுக, மருத்துவமனைப் பெண்டிரே இருமருங்கும் அணிவகுத்து நின்று துணையாகின்றனர். அப்பகுதி வெளிவந்த 48 மணி நேரத்துள், அத்தகையார்க்கு உதவும் அமெரிக்க அமைப்பொன்றின் தொலைபேசிக்கு வரும் அழைப்புக்கள் 43 விழுக்காடு மிகுந்தன. எத்தனை நாள் வாய்திறவாது வாடியிருந்த மகளிர் அன்று வாய்திறந்தனர்! இந்நாடகத்தை முற்றும் இழித்துரைப்பார் இதனை எண்ணுதல் வேண்டும். ஈண்டு நாடகம் கொடுமையைக் காட்டியதோடு நில்லாது, அதன்பின் ஒருத்தி படும் துயரையும், அவள் நாடத்தக்க துணையையும் ஒருங்கே காட்டிற்று. விளைவு முழுமையாகக் காட்டப்பட்டது, நன்மை விளைந்தது.

ஆகவே நாடகம் கற்பிக்கின்றது என்பது ஒருதலை. நல்லது கற்பிக்கும் ஆற்றல் அதற்குண்டெனின், பிழைபடக் கற்பிக்கும் ஆற்றலும் உண்டு. ஒரே கால்வாய் நன்னீரை மட்டும் கொணர்ந்து சேற்றை வழியில் நிறுத்திவிடுமோ? 2018-இல் அமெரிக்க மருத்துவர் சிலர் இந்நாடகத்தின் 269 பகுதிகளை ஆராய்ந்து, அவற்றில் வரும் காயமுற்ற நோயாளர் 290 பேரை மெய்யான நோயாளர் 4,812 பேரோடு ஒப்பிட்டனர். நாடகத்தில் இறந்தார் நூற்றுக்கு 22, மெய்வாழ்வில் 7. நாடகத்தில் அவசரப் பிரிவினின்று நேரே அறுவை அறைக்குச் சென்றார் நூற்றுக்கு 71; மெய்வாழ்வில் 25. பிழைத்தாருள் நெடுநாட் பராமரிப்பிற்குச் சென்றார் நாடகத்தில் நூற்றுக்கு 6, மெய்வாழ்விலோ 22. இதன் கருத்து யாது? நாடகத்து நோயாளன் ஒன்று விரைந்து இறக்கின்றான். அன்றி விரைந்து எழுந்து வீடு செல்கின்றான். நடுவிலுள்ள பெருநிலம், அஃதாவது பல திங்கள் படுக்கை, ஊன்றுகோலோடு மீண்டும் நடை பயிலல், இரவெல்லாம் விழித்திருக்கும் தாய், கடன்படும் தந்தை ஆகிய அனைத்தும் காணாமற் போகின்றன. செவிலியர் செய்யும் பணிகளும் பெரும்பாலும் மருத்துவர் கையாலேயே செய்யப்படுகின்றன. நோயாளன் அருகில் நெடும்பொழுது நிற்பவரே நாடகத்தில் மூலையில் நிற்கின்றனர். இக்குறை இந்நாடகத்தோடு தொடங்கியதும் அன்று. 1996-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று 'ஈ.ஆர்.', 'சிக்காகோ ஹோப்', 'ரெஸ்க்யூ 911' என்னும் மூன்று நிகழ்ச்சிகளை நோக்கிற்று. அவற்றில் இதயம் நின்றவர்க்கு மார்பை அழுத்தி உயிரூட்ட முயன்றபொழுது நூற்றுக்கு 75 பேர் உடனே பிழைத்தனர் என்று கண்டது. மெய்யான மருத்துவமனையில் அவ்வளவினர் பிழைப்பதில்லை. தந்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வீழ்ந்த நாளில் நாடகத்தையே அறிந்த மகன், 'ஏன் பிழைக்கவில்லை?' என்று மருத்துவரை வெகுள்வான். அல்லது தன்னைத்தானே நொந்துகொள்வான். காமக் காட்சியில் மறைக்கப்பட்ட விளைவும் நோய்க் காட்சியில் மறைக்கப்பட்ட விளைவும் ஒரே குறையின் இரு முகங்களே.

இந்நாடகத்தை விரும்புவார் கூறும் நன்மைகளையும் மறைத்தலாகாது. பெண்டிர் அறுவை மருத்துவராய், துறைத்தலைவராய், ஆடவர்க்குக் கட்டளையிடுவாராய் விளங்குவதை இஃது இயல்பான செய்தியாகக் காட்டிற்று. பல்வேறு நிறத்தாரும் இனத்தாரும் ஒரே அறுவை மேசையைச் சூழ்ந்து நிற்பதைக் காட்டிற்று. சாவைக் குறித்துப் பேச நாணும் உலகில், அதனை நேர்நின்று பேசிற்று. இந்நாடகத்தைக் கண்டு மருத்துவம் பயில விரும்பினேன் என்பாரை இகழ்தற்கு எமக்கு மனமில்லை. விளைவை நகைப்பாகவேனும் காட்டிய இடமும் உண்டு. முதற் பருவத்தில் மருத்துவமனைப் பணியாளரிடையே மேகநோய் பரவுகின்றது. ஆயினும் அச்செய்தி பெரிதும் கேலிப் பொருளாகவே சென்றது.

இந்நன்மை தீமைகளை எல்லாம் தூக்கி நோக்குமிடத்து, அகவை ஏன் பொருட்டாகின்றது என்பது விளங்கும். நாடகம் விட்டுச்சென்ற பாதியைக் காண்பான் தானே நிரப்பிக்கொள்ள வல்லனாயின், அவனுக்கு அதனால் இழப்பில்லை. நோயாளர் அருகே இரவு கழித்தவர், சம்பளத்திற்கு ஒருவர்கீழ்ப் பணிபுரிந்தவர், நம்பிக் கெட்ட தோழிக்கு ஆறுதல் கூறியவர் ஆகியோர் தம் வாழ்வினின்று எடுத்து அவ்விடைவெளியை நிரப்புவர். சிறாரிடம் அவ்வாறு எடுத்து நிரப்புதற்கு ஒன்றுமில்லை. அவர்க்குக் காட்டப்பட்ட பாதியே முழுமையாகத் தோன்றும். அறிவிற் குறைந்தமையால் அன்று, வாழ்ந்த நாள் குறைந்தமையாலேயே அவர்க்கு அது பொருந்தாதாகின்றது. இக்காரணத்தைக் கூறினால் எச்சிறுவனும் தன்னை இழிவுபடுத்தியதாக எண்ணான். 'நீ கெட்டுப்போவாய்' என்று கூறுவதினும், 'மீதிக் கதையை நீ இன்னும் வாழ்ந்து பார்க்கவில்லை' என்று கூறுதல் மரியாதையும் உண்மையும் உடைத்து.

எம் முடிபு இது. 13 அகவை நிரம்பாதார்க்கு இந்நாடகம் வேண்டா. 13 முதல் 16 வரை உள்ளார் தனித்துப் பார்த்தல் வேண்டா. பெற்றோரோ மூத்தாரோ உடனிருந்து, தெரிந்தெடுத்த பகுதிகளைப் பார்க்கலாம். 17-க்கு மேற்பட்டார் தாமே தீர்மானித்துக்கொள்ளட்டும். ஆயின் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மூன்று வினாக்களைத் தம்மைத் தாமே கேட்டல் வேண்டும். இச்செயலால் இழந்தவர் யார்? அவரை நாடகம் எனக்குக் காட்டிற்றா? காட்டாதாயின் ஏன் காட்டவில்லை? இம்மூன்றும் கேட்கத் தெரிந்தார்க்கு எந்நாடகமும் ஆசிரியனே.

'உடனிருந்து பார்த்தல் நாணந் தருவதன்றோ?' என்பர். தரும். தாயும் மகளும் ஒரே கூடத்தில் அமர்ந்து முதற் பகுதியின் முதற் காட்சியைக் காண்பது எளிதன்று. ஆயினும் அந்நாணம் சில நொடிகளே நிற்கும். அதனைப் பொறுத்துக்கொண்ட தாய், 'இவன் இவளுக்கு மேலதிகாரி ஆயிற்றே. இவள் வேண்டாம் என்றால் என்ன செய்வான்?' என்று ஒரு வினாவை எழுப்புவாளாயின், அது பல நாள் அறிவுரையினும் ஆழமாகப் பதியும். பூட்டுப் போடுதல் எளிது. ஆனால் பூட்டைத் திறக்கும் வழியைப் பெற்றோரினும் பிள்ளைகளே நன்கு அறிவர். அன்றியும் பூட்டுக்கு வாயில்லை. அது தடுக்குமேயன்றிக் காரணங் கூறாது.

இன்னும் ஒன்று கூறி அமைவாம். இந்நாடகம் முதலில் கிழமைக்கு ஒரு பகுதியாகவே வந்தது. ஒரு பகுதிக்கும் மற்றொன்றிற்கும் இடையே ஏழு நாள் இருந்தன. அவ்வேழு நாளில் நண்பர் கூடிப் பேசினர். 'அவள் செய்தது சரியா?' என்று வாதிட்டனர். நாடகம் காட்டாது விட்ட விளைவை அவ்வாதங்கள் ஓரளவு நிரப்பின. இன்றோ ஒரு பகுதி முடியுமுன்னரே அடுத்தது தானாகத் தொடங்குகின்றது. கம்பியை அறுத்த கை, சில மணி நேரத்துள் மீண்டும் மருத்துவ அங்கியை அணிந்துகொள்கின்றது. எண்ணுதற்கு இடைவெளி இல்லை. 14 என்று குறியிட்டார் இவ்விரைவைக் கருதிக் குறியிட்டாரல்லர். ஆதலின் பார்ப்போர் எவ்வகவையினராயினும், நாளொன்றுக்கு ஒரு பகுதிக்கு மேற் பாராமையே நன்று. பெட்டி தராத இடைவெளியை நாமே உண்டாக்கிக்கொள்ளுதல் வேண்டும்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்க்கு ஒரு வேண்டுகோள். வீட்டிலுள்ள தம்பியோ தங்கையோ போர்வைக்குள் இந்நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருத்தல் கூடும். கைப்பேசியைப் பறியாதீர்; தாய் தந்தையர்க்குக் கோள் உரையாதீர். 13 நிரம்பாதவராயின், ஏன் இப்பொழுது வேண்டா என்பதைக் காரணத்தோடு சொல்லுங்கள். நிரம்பியவராயின், அருகில் அமர்ந்து ஒரு பகுதியை முழுதும் பாருங்கள். முடிந்தபின் அணைத்துவிட்டு, பட்டியலில் 17 நொடி முற்பட்டிருந்த அம்மனிதனைப் பற்றி ஒரு வார்த்தை பேசுங்கள். நாடகம் விட்ட பாதியை உடன்பிறந்தார்க்கு எடுத்துரைத்தல், கல்லூரியிற் கற்கும் நம்மனோர் கடமையென்று யாம் கருதுகின்றேம்.